அம்மாவும் பையனும் ஏழு நாள் எரிமலைப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன ஆகஸ்டில் நானும் பத்து வயது மகனும் மட்டும் காரில் கிளம்பி, வட கலிபோர்னியாவின் லாசன், லாவா பெட்ஸ், அங்கிருந்து எல்லை தாண்டி ஒரிகனின் கிரேட்டர் லேக் என்று ஏழு நாள் சுற்றிவிட்டு வந்தோம். வந்த நாளிலிருந்து தெரிந்தவர்கள் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டிக்கொண்டிருப்பதைவிட எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

எந்த வழியாகப் போனீர்கள்?

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியிலிருந்து ரெடிங் ஊர்வரை ஐ-5 சாலை, அங்கிருந்து 44-ஆம் எண் சாலையில் ஒரு மணி நேரம் ஏறினால் லாசன் பூங்காவின் வடக்கு வாசல். முதல் நாள் அவ்வளவுதான், மான்சனீட்டா ஏரிக்கரையில் கூடாரம் போட்டோம். இரண்டாம் நாள் முழுக்க லாசன். மூன்றாம் நாள் காலை சிண்டர் கோன் என்ற சாம்பல் மேடு, மதியம் சப்வே கேவ் என்ற குகை. நான்காம் நாள் பர்னி அருவி பார்த்துவிட்டு லாவா பெட்ஸ் போய்ச் சேர்ந்தோம். ஐந்தாம் நாள் லாவா பெட்ஸ் குகைகள், சாயங்காலம் கிளாமத் ஃபால்ஸ் வழியாக மேலே. ஆறாம் நாள் கிரேட்டர் லேக். ஏழாம் நாள் 97-ஆம் எண் சாலையில் இறங்கி, வீட் என்ற ஊரில் மறுபடி ஐ-5 பிடித்து வீடு. மொத்தம் ஆயிரம் மைலுக்குச் சற்று மேல் வரும்.

இதே வழியை மூணு நாளில் முடிக்க முடியாதா?

ஓட்ட முடியும். நான் அப்படிப் போகமாட்டேன். இந்தப் பயணத்தில் நான் பிடிவாதமாக வைத்திருந்தது ஒரே விதிதான்: ஒரு நாளைக்கு ஒரு எரிமலை. அதற்கு மேல் காட்டினால் பிள்ளைக்கு எல்லாம் கலந்துபோய் "நிறைய கல்லு பார்த்தோம்" என்றுதான் மனதில் நிற்கும். பெரியவர்கள் நமக்கும் அப்படித்தான். ஒரே மலையில் காலையிலிருந்து சாயங்காலம்வரை இருந்தால், முதல் மணி நேரத்தில் அவன் ஓடுவான், இரண்டாவதில் பசிக்கும், மூன்றாவதில்தான் குனிந்து கல்லைப் பார்க்க ஆரம்பிப்பான். அந்த மூன்றாவது மணி நேரத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் போகிறோம். அடுத்த இடத்துக்குப் போகணும் வா வா என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தால் அது கிடைக்கவே கிடைக்காது.

நாள் இல்லை என்றால் இடத்தைக் குறையுங்கள். மூன்றே நாள்தான் என்றால் லாசன் மட்டும் போதும். எரிமலைகளில் கேடய வடிவம், கூம்பு வடிவம், குவிமாடம், சாம்பல் மேடு என்று நான்கு வகை சொல்வார்கள், நான்கும் அந்த ஒரு பூங்காவுக்குள்ளேயே இருக்கின்றன.

அந்தப் பக்கம் மட்டும் ஏன் இத்தனை எரிமலை? பிள்ளை கேட்டால் எப்படிச் சொல்வது?

என் மகன் ரெடிங் தாண்டியதுமே கேட்டான். நான் சொன்னது இதுதான். பசிபிக் கடலுக்கு அடியில் இருக்கிற தட்டுகள் வட அமெரிக்கத் தட்டுக்குக் கீழே மெல்ல மெல்லச் சொருகிக்கொண்டு போகின்றன. போகும்போது பாறைக்குள் பிடித்து வைத்திருந்த தண்ணீரையும் சேர்த்துக் கொண்டுபோகின்றன. ஆழத்தில் அந்த ஈரம் வெளியேறி மேலே இருக்கும் சூடான பாறையில் சேரும். ஈரம் சேர்ந்த பாறை குறைந்த சூட்டிலேயே உருகும். உருகியது லேசாக இருப்பதால் மேலே ஏறும். அப்படி ஏறி வந்த இடமெல்லாம் ஒரு மலை, தெற்கே லாசனில் தொடங்கி வடக்கே கனடாவரை ஒரே வரிசை. கேஸ்கேட் மலைத்தொடர் என்பது அதுதான்.

ஒரே மாதிரி வெடிக்காமல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி ஏன் என்பது அடுத்த கேள்வி. அதற்குச் சமையலறைதான் கைகொடுத்தது. சில இடத்தில் எரிமலைக் குழம்பு, அதாவது லாவா, ரசம் மாதிரி நீர்க்க இருக்கும், வழிந்து பல மைல் ஓடிவிடும், உள்ளே இருக்கும் வாயு சுலபமாக வெளியே போய்விடும். சில இடத்தில் அதில் சிலிக்கா (மணலில் இருக்கும் பொருள்) அதிகம், அது வெண்பொங்கல் மாதிரி கெட்டி. வாயு வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே அடைபட்டு, தாங்க முடியாத நிலையில் மலையையே பிய்த்துக்கொண்டு வரும். அதற்கப்புறம் ஒவ்வொரு இடத்திலும் இறங்கியதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "அம்மா, இது ரசமா பொங்கலா?" லாவா பெட்ஸ் பெரும்பாலும் ரசம். லாசன் சிகரம் பொங்கல்.

அதெல்லாம் அணைந்துபோன எரிமலைதானே?

இல்லை. லாசன் 1914 மே 30 அன்று புகைய ஆரம்பித்து 1917 வரை விட்டுவிட்டு வெடித்தது. 1915 மே 22 வெடிப்பில் சாம்பல் 30,000 அடிக்கு எழுந்தது. அதற்கடுத்த வருடம்தான், 1916-ல், அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அலாஸ்கா, ஹவாய் சேராத அமெரிக்கப் பெருநிலத்தில் 20-ஆம் நூற்றாண்டில் வெடித்தவை இரண்டுதான், லாசன் ஒன்று, வாஷிங்டன் மாநிலத்தில் செயின்ட் ஹெலன்ஸ் இன்னொன்று. திரும்பும் வழியில் வரும் ஷாஸ்தா மலை கடைசியாக வெடித்து சுமார் 3,200 ஆண்டுகள் ஆகின்றன, அதையும் உயிருள்ள எரிமலையாகத்தான் கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

பயப்பட வேண்டுமா என்றால், வெடிப்புக்குப் பயப்பட வேண்டாம். நிலநடுக்கக் கருவி, வாயு அளவு என்று அமெரிக்க நிலவியல் ஆய்வகம் தொடர்ந்து கண்காணிக்கிறது. பயப்பட வேண்டியது காலடியில் இருக்கும் தரைக்கு. அடுத்த பதிலைக் கட்டாயம் படியுங்கள்.

லாசனில் இருக்கும் பம்பஸ் ஹெல் பிள்ளையோடு போகலாமா?

போகலாம், இந்தப் பயணத்திலேயே மறக்க முடியாத இடங்களில் ஒன்று. போய் வர சுமார் 3 மைல், பாதை நன்றாகவே இருக்கிறது, கடைசியில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் மரப்பலகைப் பாதை. இருபுறமும் தரை வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு என்று வெந்துபோய்க் கிடக்கும், நடுநடுவே சேறு கொதிக்கும், இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி முகத்தில் அடிக்கும். வாசனை அழுகின முட்டை. முதல் ஐந்து நிமிடம் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவன் அப்புறம் மறந்தே போனான்.

பெயர் எப்படி வந்தது என்பதைப் போகும் வழியிலேயே சொல்லிவிடுங்கள். 1860-களில் இந்த இடத்தைக் கண்டுபிடித்து மற்றவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தவர் கெண்டல் பம்பஸ். கெட்டித் தரை என்று கால் வைத்தார், மேலே இருந்தது வெறும் மெல்லிய ஓடு. கால் கொதிக்கும் சேற்றுக்குள் போய், கடைசியில் அந்தக் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. இங்கே ஒரு ஆவித் துளையில் 161 டிகிரி செல்சியஸ்வரை அளந்திருக்கிறார்கள். பலகையை விட்டு இறங்காதே என்று நான் நூறு முறை சொல்லியிருந்தாலும் அது ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டதாகத்தான் போயிருக்கும், இந்தக் கதையைக் கேட்டபின் பையன் பலகையின் நடுவிலேயே நடந்தான், என் கையையும் பிடித்து நடுவுக்கு இழுத்தான்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். பூங்கா வழியாகப் போகும் 30 மைல் சாலை 8,512 அடிவரை ஏறுகிறது, சிலருக்குத் தலைவலி வரும், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் பனி. குளிர்காலத்தில் அந்தச் சாலை மூடியிருக்கும், சில வருடம் ஜூலைவரைகூடத் திறக்காது. நடக்க முடியாத சின்னப் பிள்ளை என்றால் தெற்கு வாசல் பக்கம் சல்பர் வொர்க்ஸ் இருக்கிறது, சாலையோர நடைபாதையிலிருந்தே கொதிக்கும் சேற்றைப் பார்க்கலாம்.

சிண்டர் கோன் ஏறுவது கஷ்டமா?

கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். போய் வர 4 மைல், கடைசி ஏற்றம் முழுக்கக் கறுப்புச் சரளை, இரண்டு அடி வைத்தால் ஒரு அடி கீழே வழுக்கும். காலை ஏழு மணிக்கே ஆரம்பித்துவிடுங்கள், வெயில் ஏறினால் அந்தக் கறுப்புத் தரை அடுப்புக்கல் மாதிரி சுடும், நிழல் கிடையாது. என் மகன் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டான். நானும் உட்கார்ந்தேன். ஆளுக்கு ஒரு ஆரஞ்சு உரித்துச் சாப்பிட்டோம், தோலைப் பையில் போட்டுக்கொண்டோம், "சரி வா, அந்த ஒல்லிக் கல்வரைக்கும்" என்று அவனே எழுந்தான். அப்படி ஒவ்வொரு கல்லாகக் குறி வைத்து ஏறியதில் உச்சி வந்துவிட்டது.

அந்த மலை மரவளையக் கணக்குப்படி 1666 வாக்கில் உருவானது. மதுரையில் திருமலை நாயக்கர் காலம் முடிந்து சில ஆண்டுகள்தான். அதைச் சொன்னபோது அவன் திகைத்துப் போனான், மஹால் பார்த்திருக்கிறான், அதைவிட ஒரு மலை வயதில் சின்னதாக இருக்க முடியும் என்பது அவனுக்குப் புதிது. உச்சியிலிருந்து பார்த்தால் பெயிண்டட் டூன்ஸ் என்று சிவப்பும் காவியுமாக மேடுகள் தெரியும். லாவா இன்னும் சூடாக இருக்கும்போதே மேலே சாம்பல் விழுந்ததால் வந்த நிறம் அது.

சிவப்பாக ஓடும் லாவா பார்க்கலாமா?

இங்கே கிடையாது. அதற்கு ஹவாயின் கீலவேயாதான், அதுவும் நேரம் வாய்க்க வேண்டும். கிளம்பும்முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள், அங்கே போய் ஏமாற வேண்டாம்.

குகைக்குள் பிள்ளைக்குப் பயமாக இருக்காதா? என்ன எடுத்துப் போகணும்?

முதலில் அது எப்படி வந்த குகை என்று சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். பால் காய்ச்சி வைத்தால் மேலே ஆடை படியும், அடியில் பால் அப்படியேதான் இருக்கும். லாவா ஆறும் அப்படித்தான். மேலே காற்றுப் பட்டு இறுகிவிடும், உள்ளே சூடான குழம்பு ஓடிக்கொண்டே இருக்கும், ஊற்று நின்றதும் மிச்சமெல்லாம் வடிந்துபோய் வெறும் குழாய் நிற்கும். அந்தக் குழாய்க்குள்தான் நாம் நடக்கிறோம்.

சப்வே கேவ் முதல் குகைக்கு ரொம்பப் பொருத்தம். சுமார் 1,300 அடி நீளம், ஒரு பக்கம் இறங்கி இன்னொரு பக்கம் ஏறிவிடலாம், நிமிர்ந்தே நடக்கலாம். வெளியே நல்ல வெயில், உள்ளே வருடம் முழுக்க 46 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 8 டிகிரி செல்சியஸ். பாதி தூரம் போனதும் நான் கேட்டேன், "லைட்டை அணைக்கலாமா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மா, நீங்க முதல்ல அணைங்க" என்றான். நான் அணைத்தேன், அவனும் அணைத்தான். கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான், அப்படி ஒரு இருட்டு. எங்கேயோ ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. அவன் கை என் கையைத் தேடி வந்து விரலைப் பிடித்தது, பிடித்தபிறகு கிசுகிசுப்பாகச் சொன்னான், "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம்."

லாவா பெட்ஸில் 800-க்கும் மேற்பட்ட குகைகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் போக முடியாது, போகவும் வேண்டாம். பார்வையாளர் மையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் மஷ்பாட் குகையில் விளக்கு போட்டிருக்கிறார்கள், அங்கே ஆரம்பியுங்கள். அடுத்து ஸ்கல் கேவ், அடியில் கோடையிலும் பனிக்கட்டி. கோல்டன் டோம் குகையின் கூரையில் டார்ச் அடித்தால் பொன் தூவின மாதிரி மின்னும். அது பொன்னில்லை, பாறையில் வளரும் நுண்ணுயிர்கள்மேல் நிற்கும் நீர்த்துளிகள். ஆனால் அதில் குனிந்து போக வேண்டியிருக்கும், என் உயரத்துக்கு முதுகு பிடித்துக்கொண்டது, அவனுக்கு ஒன்றுமே இல்லை.

எடுத்துப் போக வேண்டியவை: ஆளுக்கு இரண்டு விளக்கு, அதில் ஒன்று நெற்றியில் கட்டுவது. செல்போன் வெளிச்சத்தை நம்பாதீர்கள். ஸ்வெட்டர், சைக்கிள் ஹெல்மெட், முழங்கால் பேட், தோட்ட வேலைக் கையுறை. லாவாப் பாறை தேங்காய்த் துருவி மாதிரி, உரசினாலே தோல் போய்விடும். முதல் நாள் பேட் வேண்டாம் என்று அடம் பிடித்து முழங்கால் சிராய்த்துக்கொண்டான், அதற்கப்புறம் நான் சொல்லத் தேவையே இல்லாமல் போயிற்று.

யாரும் சொல்லாத ஒன்று: இரண்டு ஜோடி ஷூ, இரண்டு செட் உடை. லாவா பெட்ஸில் குகைக்கு இலவச அனுமதிச் சீட்டு வாங்கும்போது, இதற்கு முன் வேறு குகைக்குப் போன ஷூவா, உடையா என்று கேட்பார்கள். வௌவால்களைக் கொல்லும் ஒரு பூஞ்சை நோய் 2006-ல் நியூயார்க் மாநிலத்தில் தலைகாட்டி, இதுவரை பல லட்சம் வௌவால்கள் செத்துவிட்டன. மூக்கு வெள்ளையாகப் பூத்துப் போகும். அந்தப் பூஞ்சை மனிதர்களின் ஷூ மண்ணிலும் பயணம் செய்யும். நம் வழியில் சப்வே கேவ் முதலில் வருகிறது, ஆகவே அங்கே போட்டதைக் கட்டி டிக்கியில் வைத்துவிட்டு இங்கே வேறு போட்டுக்கொண்டோம். சின்ன விஷயம்தானே என்று தள்ளிவிடாதீர்கள், அது வௌவால்களின் வீடு.

கல் பொறுக்கிக்கொண்டு வரலாமா?

கூடாது. தேசியப் பூங்காவில் ஒரு கூழாங்கல்கூட எடுக்கக்கூடாது, சட்டப்படியே தப்பு. ஆனால் கல்லைத் தொடாமல் பிள்ளைக்கு எரிமலை புரியாது என்பதும் எனக்குத் தெரியும். அதனால் வீட்டிலிருந்தே ஒரு கல் கொண்டுபோனேன். குளியலறையில் குதிகால் தேய்க்க வைத்திருக்கும் கல், அதேதான். அதுவும் எரிமலைக் கல்தான், நுரைத்துப் பொங்கும்போதே இறுகிவிட்டது, உள்ளே முழுக்கக் காற்றுக் குமிழி. லாசன் முகாமில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் விட்டு அதைப் போடச் சொன்னேன். மிதந்தது. அவன் விரலால் அமுக்கினான், மேலே வந்தது. பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள், கல் மிதக்கிறது என்று அவர்கள் அம்மாவைக் கூப்பிட்டார்கள்.

பிறகு கிரேட்டர் லேக்கின் வடக்கு வாசல் சாலையில் பியூமிஸ் டெசர்ட் என்ற வெளி வருகிறது. மரமே அதிகம் முளைக்காத பரந்த வெளி, தரை முழுக்க அந்த நுரைக்கல். சாலையோரம் நிறுத்தி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தான், தன் பையிலிருந்த கல்லை இன்னொரு கையில் வைத்து எடை பார்த்தான், எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைத்தான்.

சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?

முதல் இரண்டு நாளுக்குப் புளியோதரை, அப்புறம் சின்ன ரைஸ் குக்கர், பருப்புப் பொடி, நெய், ஊறுகாய், தயிர். அறை எடுத்த இடத்தில் சோறு வைத்து மறுநாள் மதியத்துக்கும் கட்டிக்கொண்டோம். கூடாரம் போடும் இடங்களில் கரடி வரும், ஆகவே சாப்பாடு, பற்பசை, சோப்பு எல்லாம் அங்கிருக்கும் இரும்புப் பெட்டிக்குள் போய்விட வேண்டும். காரில்கூட வைக்கக்கூடாது. புளியோதரை வாசனை எவ்வளவு தூரம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு பெண் தனியாகப் பிள்ளையை வைத்துக்கொண்டு ஓட்டலாமா? பயமில்லையா?

என் அம்மா ஊரிலிருந்து தினமும் கேட்டது இதுதான். எனக்கு மனிதர்களிடம் பயம் வரவில்லை, வண்டியைப் பற்றித்தான் கவலை இருந்தது. பர்னிக்கு வடக்கே போனால் பல மைல்களுக்கு போன் சிக்னல் இருக்காது. நான் செய்தவை: பெட்ரோல் பாதியானாலே நிரப்பிவிடுவேன். வரைபடத்தை போனில் இறக்கி வைத்ததோடு ஒரு காகித வரைபடமும் வாங்கினேன், அதைப் பிடித்து வழி சொல்வது பையன் வேலை. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு ஸ்டெப்னி மாற்ற ஒருவரிடம் கற்றுக்கொண்டு, வீட்டு வாசலில் நானே ஒரு தடவை கழற்றி மாட்டிப் பார்த்தேன். வழியில் தேவைப்படவில்லை, ஆனால் அந்த ஒரு மணி நேரப் பயிற்சிதான் ஏழு நாளும் என்னை நிம்மதியாக ஓட்ட வைத்தது. இருட்டியபின் ஓட்டவில்லை, மான்கள் குறுக்கே வரும். மலைச்சாலைத் திருப்பங்களில் அவனுக்கு வாந்தி வரும், அதனால் வண்டியில் புத்தகம், ஐபேட் எதுவும் கிடையாது, எலுமிச்சம்பழம் ஒன்றை முகர்ந்துகொண்டே வந்தான்.

லாவா பெட்ஸில் ஏதோ போர் நடந்ததாமே, அதைப் பிள்ளையிடம் சொல்லணுமா?

சொல்லணும் என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த நிலம் மோடோக் மக்களுடையது. அவர்களை வேறொரு ஒதுக்கிடத்துக்குப் போகச் சொன்னார்கள், அங்கே வாழ முடியாமல் தங்கள் ஆற்றங்கரைக்கே திரும்பி வந்தார்கள், 1872 நவம்பரில் ராணுவம் அவர்களை மறுபடி விரட்ட வந்தது. கின்ட்புவாஷ் என்பவர் தலைமையில் ஐம்பது அறுபது வீரர்கள், கூடவே பெண்கள், பிள்ளைகள், முதியவர்கள், இந்த லாவாப் பாறைப் பிளவுகளுக்குள் போய் இருந்துகொண்டார்கள். நூற்றுக்கணக்கான சிப்பாய்களால் மாதக்கணக்கில் அவர்களை அசைக்க முடியவில்லை. கடைசியில் பிடிபட்டார்கள். 1873 அக்டோபர் 3 அன்று கின்ட்புவாஷைத் தூக்கிலிட்டார்கள், மிச்சமிருந்தவர்களை வெகுதூரம் தள்ளி இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பினார்கள்.

வெள்ளைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் கேப்டன் ஜாக், அந்த இடத்தின் பலகையிலும் அதுதான் இருக்கிறது. பாதையில் நடந்தால்தான் தெரியும், ஏன் யாராலும் உள்ளே வர முடியவில்லை என்று. இயற்கையாகவே தோளுயரப் பாறை அகழிகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழி, வெளியே இருப்பவனுக்கு உள்ளே இருப்பவன் தெரியவே மாட்டான். என் மகன் ஒரு பள்ளத்தில் இறங்கி நின்று, "இங்க குட்டிப் பிள்ளைங்களும் இருந்தாங்களா? குளிர்ல?" என்று கேட்டான். ஆமாம், ஜனவரி மாதக் குளிரில் இருந்தார்கள் என்றேன். அதற்கப்புறம் கார்வரைக்கும் அவன் பேசவில்லை, நானும் பேச்சுக் கொடுக்கவில்லை.

கிரேட்டர் லேக் அவ்வளவு தூரம் போகத் தகுதியானதா? ஏரிதானே?

மேலே ஏறும்வரை ஏரி இருப்பதே தெரியாது. பார்க்கிங்கில் இறங்கி, கல் சுவர்ப் பக்கம் நாலு அடி வைத்ததும் நீலம். மையில் தோய்த்த நீலம் என்று சொன்னாலும் குறைவுதான்.

அங்கே 12,000 அடி உயரம் இருந்திருக்கக்கூடிய மசாமா என்ற மலை நின்றது. சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்தபோது அடியிலிருந்த குழம்பு அவ்வளவும் வெளியேறி, தாங்க ஆளில்லாமல் மலை தனக்குள்ளேயே இடிந்து விழுந்தது. சாம்பல் கனடாவரை போனது. பள்ளத்தில் மழையும் பனியும் நிரம்பி ஏரியானது. ஆழம் 1,943 அடி, அமெரிக்காவிலேயே ஆழமான ஏரி. உள்ளே வந்து சேரும் ஆறு எதுவும் கிடையாது, மண் வராது, அதனால்தான் அந்தத் தெளிவு, அந்த நீலம்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றியது, அதைப் பார்த்த மனிதர்கள் இருந்தார்கள் என்பது. கிளாமத் மக்கள் இந்த ஏரியை கீவாஸ் என்கிறார்கள். கீழுலகத் தலைவன் லாவோ இந்த மலையிலும், மேலுலகத் தலைவன் ஸ்கெல் ஷாஸ்தாவிலும் நின்று சண்டை போட்டார்கள், லாவோ தோற்று விழ மலை அவன்மேல் இடிந்தது என்பது அவர்கள் சொல்லும் கதை. மலை உள்ளே இடிந்தது என்பதைப் பாட்டி பேத்திக்குச் சொல்லிச் சொல்லியே இவ்வளவு காலம் கொண்டுவந்திருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்குப் பிடிப்பது ஓல்ட் மேன். ஏரியில் நட்டுக்க நின்றபடி மிதக்கும் ஒரு மரத்தண்டு, 1896-லேயே அதைப் பற்றிக் குறித்து வைத்திருக்கிறார்கள். காற்றுக்கேற்ப ஏரி முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். நாங்கள் பைனாகுலரை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் தேடினோம், கிடைக்கவில்லை. 33 மைல் விளிம்புச் சாலையில் எந்தத் திருப்பத்தில் நிறுத்தினாலும் அவன் முதலில் செய்தது அதைத் தேடுவதுதான். தண்ணீர்வரை இறங்க ஒரே ஒரு பாதைதான், அதைப் பழுதுபார்க்கச் சில ஆண்டுகள் மூடுவதாக அறிவித்திருக்கிறார்கள், கிளம்பும்முன் பூங்காவின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காட்டுத்தீ, புகை?

ஆகஸ்டில் அது இருக்கும் என்று நினைத்தே திட்டம் போடுங்கள். 2021 டிக்ஸி தீயில் லாசன் பூங்காவின் பாதிக்கும் மேல் கருகியது, இன்னும் மைல் கணக்கில் கறுத்த மரங்கள் நிற்கின்றன. தினமும் காலையில் காற்றின் தரமும் தீ வரைபடமும் பார்த்தேன், என்-95 மாஸ்க் பத்து வைத்திருந்தேன், திரும்பத் தரும் முன்பதிவு மட்டுமே செய்தேன். ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் ஜூலை முதல் பாதி நல்லது.

நுழைவுக் கட்டணம் எவ்வளவு ஆகும்?

எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அமெரிக்காவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேசியப் பூங்கா இலவச பாஸ் உண்டு, வண்டியில் இருப்பவர்களுக்கும் சேர்த்து. செப்டம்பர் 1 முதல் அடுத்த ஆகஸ்ட் 31 வரை செல்லும், நாங்கள் தாளில் அச்செடுத்துக் கொண்டுபோனோம். பர்னி அருவி மாநிலப் பூங்கா, அங்கே இது செல்லாது, பணம் கட்டினோம். 129 அடி அருவி, பாறை முகத்தின் நடுவிலிருந்தே நூற்றுக்கணக்கான கீற்றாகத் தண்ணீர் கசிந்து கொட்டும், நுண்துளை லாவாவுக்குள் புகுந்த மழைநீர்தான் அது. அந்தப் பணம் வீணில்லை.

ஜூனியர் ரேஞ்சர் எல்லாம் செய்யணுமா?

செய்யுங்கள். பார்வையாளர் மையத்தில் கேட்டால் ஒரு சின்னப் புத்தகம் தருவார்கள், அதை நிரப்பிக் கொடுத்தால் ரேஞ்சர், அதாவது பூங்கா அலுவலர், கேள்வி கேட்டு, கையை உயர்த்தி உறுதிமொழி சொல்ல வைத்துப் பேட்ஜ் தருவார். லாவா பெட்ஸில் என் மகனிடம் வௌவாலுக்காக என்ன செய்தாய் என்று கேட்டார்கள். டிக்கியில் கட்டி வைத்த ஷூவைப் பற்றிச் சொன்னான்.

திரும்பி வரும் வழியில் பார்க்க என்ன இருக்கிறது?

97-ஆம் எண் சாலையில் வந்தால் ஷாஸ்தா, 14,179 அடி, கண்ணாடி முழுக்க நிற்கும். வீட் ஊருக்கு வந்ததும் நேரே தெற்கே திரும்பாமல் ஐ-5-ல் கொஞ்சம் வடக்கே போய்விட்டு வாருங்கள். சமவெளியில் நூற்றுக்கணக்கான குட்டிக் குன்றுகள், யாரோ மண்ணை அள்ளி அள்ளிக் கொட்டிவிட்டுப் போன மாதிரி. அவை எப்படி வந்தன என்று வெகுகாலம் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. 1980 மே 18 காலை 8:32-க்கு செயின்ட் ஹெலன்ஸின் ஒரு பக்கம் அப்படியே சரிந்து, மலை 1,300 அடி குட்டையாகி, 57 பேர் இறந்தார்கள். அந்தச் சரிவு விட்டுப்போன மேடுகளைப் பார்த்தபிறகுதான் இங்கேயும் அதேதான் நடந்தது என்று புரிந்தது. 3 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு அங்கே நின்ற பழைய மலையின் ஒரு பக்கம் இடிந்து சுமார் 30 மைல் ஓடி வந்திருக்கிறது.

இதைச் சொல்லிவிட்டு ஓய்வுப் பகுதியில் நிறுத்தினேன். தயிர் சாதம் கடைசி டப்பா. அவன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே குன்றையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்போ நாம மலையோட உள்பக்கத்து மேல உட்கார்ந்துதான் சாப்பிடுறோமா?" என்றான். ஆமாம்டா கண்ணா என்றேன். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையைத் தரையில் பதித்துப் பார்த்துவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தான்.